சுவடும் தீர்ப்பும்: எமில் கபோரியோவின் துப்பறியும் நாவல்கள்

துப்பறியும் நாவலைப் பொழுதுபோக்கு நூலென ஒதுக்குவார் பலர். அது மேனாட்டினின்றும் வந்த சரக்கென்பாரும் உளர். இவ்விரு கூற்றுக்களும் ஒருபுடையே பொருந்துவன என்பதை எமில் கபோரியோ என்னும் பிரெஞ்சு ஆசிரியரின் வாழ்வும் நூல்களும் நமக்கு உணர்த்தும்.

கபோரியோ 1832 ஆம் ஆண்டு, பிரான்சின் மேற்குப் பகுதியிலுள்ள சோஜோன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். சில காலம் குதிரைப் படையிற் சேவித்தபின் பாரிசு நகரை அடைந்து, போல் ஃபெவால் என்னும் நாவலாசிரியருக்குச் செயலாளராய் அமர்ந்தார். பத்திரிகைத் தொழில் அவரை நீதிமன்றங்களுக்கும் பிணச்சாலைக்கும் அழைத்துச் சென்றது. ஆங்குக் கண்டனவே அவர்தம் கதைகளுக்குக் கருவாயின. 1866 இல் பத்திரிகைத் தொடராக வந்த ‘லெரூஜ் வழக்கு’ அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. 1869 இல் ‘திருவாளர் லெகோக்’ வெளிவந்தது. நாற்பத்தொரு வயது நிரம்புமுன்னரே, 1873 இல் அவர் காலமானார். 1887 இல் தோன்றிய ஷெர்லக் ஹோம்ஸ் தம் முதற் கதையிலேயே லெகோக்கை எள்ளி நகையாடுகின்றார். முன்னோனை இகழ்வதும் அவன் பெருமைக்கு ஒரு சான்றன்றோ?

லெகோக் பனியிற் பதிந்த அடிச்சுவடுகளை நோக்கி, அவ்வழிச் சென்றாரின் தோற்றத்தையும் செயலையும் உய்த்துணர்வான். இம்முறைக்குப் பிரான்சிலேயே ஒரு முன்னோடி உண்டு. வால்டேரின் ‘சாதிக்’ என்னும் கதையின் தலைவன், தான் காணாத குதிரையின் இயல்பை அதன் தடத்தால் அறிந்து கூறிக் கள்வனென ஐயுறப்படுகிறான். இதற்கும் மூத்தது 1557 இல் வெனிசு நகரில் அச்சான செரண்டிப் இளவரசர் மூவரின் கதை. காணாமற்போன ஒட்டகத்தின் குறைகளைச் சுவடுகொண்டு உரைத்தவர் அவர். செரண்டிப் என்பது நம் இலங்கைக்கு அராபியர் வழங்கிய பெயர். மாதோட்டத்துக் கடல்வழியே பல தேசத்து வணிகர் வந்துபோன நம் மன்னார்க் கரையில் வாழ்வோர்க்கு அப்பெயர் புதிதன்று.

தமிழில் வழங்கும் அளகேச மன்னன் கதையிலும் அவ்வொட்டகத்தைக் காணலாம். வழியில் மூன்று காற்சுவடே கண்ட ஒருவன் அது நொண்டி என்றான். இடப்பக்கத்துத் தழை மட்டும் மேயப்பட்டிருக்கக் கண்டவன் அதற்கு வலக்கண் இல்லை என்றான். இவ்வாறு உரைத்த நால்வரும் முதலிற் கள்வரென ஐயுறப்பட்டு, பின்னர் மன்னனுக்கு அமைச்சராயினர். இக்கதையை 1888 இல் ஆங்கிலத்திற் பெயர்த்தவர் பண்டித ச. ம. நடேச சாஸ்திரியார். கல்வெட்டாராய்ச்சியிலும் நாட்டார் கதைத் தொகுப்பிலும் உழைத்த அவரே 1894 இல் ‘தானவன்’ என்னும் நூலை எழுதினார். தமிழின் முதல் துப்பறியும் நாவல் அதுவென்பர். தேய்ந்த எழுத்தைப் படித்தறிந்தவர் குற்றத்தின் தடத்தைக் கதையாக்கியமை வியப்பன்று.

ஆயின், கபோரியோ புதிதாகத் தந்தது யாது? பழங்கதையிற் சுவடறிந்தோன் பிழைபடுவதில்லை. பரிசு பெற்று மீள்வான். ‘லெரூஜ் வழக்கில்’ நிலைமை வேறு. அடைவுகடையில் எழுத்தராயிருந்து இளைப்பாறிய தபாரே என்னும் முதியவர், தடயங்களைத் திறம்பட ஆய்ந்தும் குற்றமற்ற இளைஞன் ஒருவனைச் சிறைக்கு அனுப்பக் காரணமாகிறார். விசாரணை நீதவானோ அவ்விளைஞன் மணக்கவிருந்த பெண்ணைத் தாமே விரும்பியிருந்தவர். தடயம் உண்மை, அதனைக் கற்றவரின் முடிபு பொய். உண்மை வெளிப்பட்டபின், நீதி தவறாதென்ற நம்பிக்கையை இழந்த முதியவர் மரணதண்டனையை ஒழிக்க வேண்டுமென வாதிடுகிறார். வறிய நிரபராதிகளுக்கு உதவ முற்படுகிறார்.

சுவடு பொய்யுரையாது, அதனைப் படிப்பவன் பொய்ப்படலாம். அளகேசன் கதை கூர்த்த அறிவைப் போற்றிற்று; கபோரியோ அவ்வறிவுக்கு அச்சத்தையும் கற்பித்தார். அயலவன் ஒருவனைக் குறித்து ஊர் பேசும்போது, இரண்டொரு அடையாளங்கொண்டு தீர்ப்புரைக்க விரையும் நமக்கு இவ்விரண்டும் வேண்டும். வரலாறு கற்கும் மாணவர்க்கோ இவை இன்றியமையாதன. இறந்தகாலத்தின் சுவடுகளை வைத்து, இனி மறுமொழி கூற இயலாதாரைப் பற்றி முடிபுகட்டுவது அவர் தொழிலாதலின்.