திசை மாற்றப்பட்ட படகு: ரோஹிங்யா அகதிகளும் சமூக ஊடகப் பொய்களும்

2023 டிசம்பர் 27 அன்று, இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகரில் ஓர் அரசு மண்டபத்தின் அடித்தளத்துக்குள் மாணவர் கூட்டமொன்று காவலரைத் தள்ளிக்கொண்டு புகுந்தது. மியன்மாரிலிருந்து தப்பிவந்து அங்கே தஞ்சமிருந்த, முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்யா அகதிகள் 137 பேரை இரண்டு லாரிகளில் வலுக்கட்டாயமாக ஏற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோயிற்று. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இது தனித்த நிகழ்வன்று, இணையத்தில் ஒருங்கிணைத்து நடத்தப்பட்ட பொய்ப் பரப்புரையின், வெறுப்புப் பேச்சின் விளைவு என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் உடனே அறிவித்தது. இந்தக் கூற்று சரியானது, ஆனால் போதாதது என்பது என் வாதம். பரப்புரை நடந்தது என்று மட்டும் சொன்னால், அது ஏன் அந்த மண்ணில் வேர்பிடித்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

ஏனென்றால் ஆச்சே மாகாணம் அகதிகளை விரட்டிப் பழகிய கரை அல்ல. 2015 மே மாதம் கடலில் தத்தளித்த நூற்றுக்கணக்கான ரோஹிங்யாக்களை அந்த மாகாணத்து மீனவர்களே மீட்டனர். 2020 ஜூனில் அதிகாரிகள் தயங்கி நின்றபோது லான்சோக் கிராமத்தார் தாமே முன்வந்து படகில் இருந்தவர்களைக் கரையேற்றினர். கடலில் ஆபத்துக்குள்ளானவர் எவராயினும் காப்பாற்ற வேண்டும் என்பது ‘பங்ளிமா லாவுட்’ என்னும் மீனவர் மரபு அமைப்பின் பழைய விதி. 2016 ஜூனில் இலங்கைத் தமிழர் 44 பேரோடு ஒரு படகு ஆச்சேயின் லோக்ஙா கரையில் தரைதட்டியபோது, அவர்களை இறங்கவிடாமல் தடுத்தது அரசு நிர்வாகம். எச்சரிக்கைத் துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஒரு வாரம் கழிந்தே அவர்கள் தரையில் கால் வைத்தனர். பகை அன்று மக்களிடமிருந்து வரவில்லை.

2020-க்குப் பிந்திய மூன்றே ஆண்டுகளில் எது மாறியது? மக்கள் களைத்துவிட்டார்கள் என்பது வழக்கமான விடை. அதில் உண்மை உண்டு. 2023 நவம்பர் நடுப்பகுதி தொடங்கிச் சில வாரங்களில் 1,500-க்கும் மேற்பட்டோர் வந்திறங்கினர். முன்பு வந்தவர்களில் பலர் முகாமை விட்டு மலேசியாவுக்குப் போய்விட்டிருந்தனர்; அதில் ஆள்கடத்துவோரின் கையும் இருந்தது. ஆனால் களைப்பு எரிச்சலைத் தரும். குறிப்பிட்ட கதைகளைத் தராது. இவர்கள் நிலம் கேட்கிறார்கள், பாலஸ்தீனத்தில் நடந்தது இங்கும் நடக்கும், கொடுத்த சோற்றைக் கடலில் கொட்டுகிறார்கள் என்ற கதைகள் டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பரவின. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பெயரிலேயே போலிக் கணக்குகள் தோன்றின. காஸாப் போரால் நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் சமூகத்தில், இன்னொரு முஸ்லிம் அகதிக் கூட்டத்தை ஆக்கிரமிப்பாளராகக் காட்ட அந்தக் கொதிப்பையே பயன்படுத்தியதுதான் இதில் மிகக் கொடியது.

இந்தக் கதைகளின் சட்டகம் ஆச்சேயில் பிறந்ததல்ல. 2018-இல் ரோஹிங்யாக்களைக் குறித்து மியன்மார் ராணுவத்தின் பரப்புரைத் துறை வெளியிட்ட நூலொன்றின் படங்களை ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் ஆராய்ந்தனர். 1996-இல் தான்சானியாவில் எடுக்கப்பட்ட ருவாண்டா அகதிகளின் வண்ணப்படம், ‘வங்காளிகள்’ (ரோஹிங்யாக்களுக்கு ராணுவம் இட்ட பெயர்) மியன்மாருக்குள் நுழையும் பழைய கறுப்புவெள்ளைப் படமாக ஆக்கப்பட்டிருந்தது. மற்றொன்றில், 2015-இல் நாட்டை விட்டு வெளியேற முயன்றவர்களின் படகு உள்ளே வருவோரின் படகாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. நூலின் இரண்டு படங்கள் தவறானவை என்று ராணுவம் பின்னர் வருத்தம் தெரிவித்தது. அகதியைக் குறித்த பொய்யின் இலக்கணம் இதுவே எனக் கருதுகிறேன்: பயணத்தின் திசையை மாற்றிவிடுவது. தப்பியோடுபவன் படையெடுப்பவன் ஆகிறான். 2020 ஏப்ரலில் மலேசியாவிலும் இதுவே நடந்தது. ரோஹிங்யா தலைவர் ஒருவர் குடியுரிமை கேட்டார் என்ற பொய் முகநூலில் பரவியதும் அந்தச் சமூகம் முழுவதன் மீதும் வசை பொழிந்தது. மியன்மாரின் ரக்கைன், கோலாலம்பூர், ஆச்சே என மக்கள் ஓடிய வழியெங்கும் இதே சட்டகத்தைக் காண்கிறோம்.

சமூக ஊடகத் தளங்களின் பொறுப்பு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. 2015-இன் தொடக்கத்தில் பர்மிய மொழிப் பதிவுகளைக் கண்காணிக்க முகநூலிடம் இரண்டு பேரே இருந்தனர். 2017 ஆகஸ்டில் மியன்மார் ராணுவம் தொடங்கிய தாக்குதலுக்குப் பின் ரோஹிங்யாக்கள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினர்; அந்த ராணுவத்தின் தளபதியுடைய முகநூல் கணக்கு நீக்கப்பட்டது அதற்கு ஓராண்டு கழித்து, 2018 ஆகஸ்டில்தான். போதுமான நடவடிக்கை எடுக்கவில்லை என்று நிறுவனமே அந்த ஆண்டு நவம்பரில் ஒப்புக்கொண்டது.

எனினும் ஆச்சேயில் பொய்க்கு இடமளித்தது சட்டத்தின் மௌனம். இந்தோனேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2016-இன் 125ஆம் எண் அதிபர் ஆணை மீட்பையும் தற்காலிகத் தங்கலையும் பற்றிப் பேசுகிறது. ஆனால் வந்தவர்கள் எவ்வளவு காலம் இருப்பார்கள், என்ன வேலை செய்யலாம் என்பதற்கு அதில் விடையில்லை. செலவுக்குத் தங்களிடம் பணமில்லை என்றே உள்ளாட்சிகள் சொல்லிவந்தன. மீனவக் குடும்பம் ஒன்று ‘இவர்களுக்கு யார் சோறு போடுவது, எதுவரை?’ என்று கேட்டால், அது வெறுப்பல்ல, நியாயமான கேள்வி. அரசு விடை சொல்லாத இடத்தில் டிக்டாக் சொன்னது. 2023 டிசம்பர் 8 அன்று அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோ பேசியபோதும் ஆள்கடத்தல் பற்றிய ஐயமே முன்னால் நின்றது. அந்த ஐயத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் குற்றத்துக்கு இரையானவர்களையும் குற்றத்தின் நிழலிலேயே நிறுத்திய பேச்சு அது.

ஆகவே இந்தப் பொய்களை மறுக்கும் உண்மை சரிபார்ப்போரின் உழைப்பை மதிக்கும்போதே அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ‘அகதிகள் நிலம் கேட்கவில்லை’ என்ற மறுப்பு, நிலத்தைப் பற்றிய அச்சத்தையே மறுபடி நினைவூட்டுகிறது. செலவு யாருடையது என்ற கேள்வியைத் தொடுவதேயில்லை. படகு கரைதொட்ட அன்றே, வந்தவர் எத்தனை பேர், உணவுச் செலவு எந்தக் கணக்கில், தங்கல் எத்தனை மாதம் என்பதை மாவட்ட நிர்வாகம் ஊரார் முன் ஆச்சே மொழியில் அறிவிக்கும் கடமை அந்த 125ஆம் ஆணையிலேயே எழுதப்பட வேண்டும். ஊரார் கேட்பதற்கு அகதிகளே விடை சொல்ல, ரோஹிங்யா மொழி அறிந்த ஒருவரும் அங்கே இருக்க வேண்டும்.