செந்நாய்

செம்மை + நாய். பண்புப்பெயரின் ‘மை’ கெட்டு, எஞ்சிய மகரம் அடுத்த நகரத்தோடு இயைந்து ‘செந்நாய்’ ஆகிறது. செந்நெல், செந்நீர் போல. பெயர் வைத்தவர் விலங்கை நன்றாகப் பார்த்திருக்கிறார்: உடல் துருச் சிவப்பு, புதர்போன்ற வால் மட்டும் கறுப்பு.

சொல் புதிதன்று. சங்கப் பாடல்களிலேயே உண்டு. பாலைத் திணையின் கருப்பொருளாக உரையாசிரியர்கள் வைத்ததும் இந்த விலங்கைத்தான். ஆனால் இன்று செந்நாயைத் தேடுபவர் பாலைக்குப் போவதில்லை. முதுமலை போன்ற மான் மிகுந்த காடுகளுக்குத்தான் போவார். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறி, சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களைச் சுற்றிவருபவர் கண்ணில் காட்டெருது படலாம். செந்நாய் படும் என்று நம்பிப் போகவேண்டாம்.

ஆங்கிலத்தில் இதை ‘தோல்’ என்பார்கள். அதன் வேர் தெளிவாக இல்லை. ஓநாயைக் குறிக்கும் கன்னடத் ‘தோள’ என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. அப்படியானால் அது ஆள் மாறிய பெயர். அறிவியல் பெயரான ‘குவோன் ஆல்பினஸ்’ பாதி கிரேக்கம், பாதி லத்தீன்: மலை நாய். 1811இல் விலங்கியலாளர் பல்லாஸ் சூட்டிய ‘ஆல்பினஸ்’ நிலைத்தது. ‘குவோன்’ என்ற பேரினம் பின்னால் இயற்கையியலாளர் ஹாட்ஜ்சன் தந்தது.

‘நாய்’ என்ற ஈற்றை நம்பிக் குரைப்பை எதிர்பார்க்கக் கூடாது. கூட்டம் சிதறினால் சீழ்க்கை அடித்துத்தான் ஒன்றையொன்று அழைக்கும். கீழ்த்தாடையின் ஒவ்வொரு பக்கமும் பின்கடைவாய்ப் பல் இரண்டே. வீட்டு நாய்க்கு மூன்று. செந்நரி வேறு, அது நரியினம். நிறம் ஒன்று என்பதற்காக இரண்டையும் குழப்பும் செய்திகளை நாளிதழ்களில் பார்க்கலாம்.