கத்திக்கு முன் ஒரு சொல்

உழவு மாட்டுக்குக் காயடிப்பதை நம் கிராமங்கள் நன்கறியும். காயடித்த காளை அடங்கிப் போகும், நுகத்துக்குப் பணியும். ஆண்களுக்கான கருத்தடை அறுவை நம் நாட்டுக்கு வந்தபோது மக்கள் பலர் அதை இந்தக் காட்சியோடுதான் பொருத்திப் பார்த்தனர். இரண்டும் வேறு வேறு. காயடித்தலில் விதைகள் அழிக்கப்படுகின்றன. வாசெக்டமியில் விதைகளைத் தொடுவதே இல்லை. அவற்றிலிருந்து உயிரணுக்களைக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய்கள் இரண்டும் துண்டித்து அடைக்கப்படுகின்றன. ஆண் தன்மைக்குரிய சுரப்பு குருதி வழியே செல்வது, அது குறைவதில்லை. இவ்வளவையும் ஒருவருக்கு விளக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையே இந்த அறுவையின் வரலாறாக நாம் வாசிக்கலாம்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலச் சிறையொன்றில் 1899இல் மருத்துவர் ஹாரி ஷார்ப் கைதிகளுக்கு இதைச் செய்யத் தொடங்கினார். 'தகுதியற்றோர்' பெருகலாகாது என்னும் இனமேம்பாட்டுக் கொள்கை அதற்குத் துணை நின்றது. 1907இல் அம்மாநிலம் கட்டாயக் கருத்தடைக்குச் சட்டமே இயற்றியது. உலகில் அத்தகைய முதல் சட்டம் அது. பின்னர் வியன்னாவின் ஸ்டைனாக், இக்குழாயைக் கட்டினால் இளமை மீளும் என்றார். கவிஞர் யேட்ஸ் 1934இல், தம் 68ஆம் வயதில், லண்டனில் அந்த அறுவையைச் செய்துகொண்டார். இரண்டாம் இளமை வாய்த்ததாகவே நம்பினார். அறுவைக்கு அத்தகைய ஆற்றல் இல்லை என்பதை இன்று அறிவோம். கைதிக்குத் தண்டனையாகவும் கவிஞருக்கு வரமாகவும் வந்தது அதே குழாயின் மேல் விழுந்த கத்திதான். முன்னால் சொல்லப்பட்ட சொல்தான் வேறு.

இந்தியா 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்றது. சென்னை மாநிலம் 1956இலேயே அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. கேரளத்தின் எர்ணாகுளத்தில் 1971 ஜூலையில் மாவட்ட ஆட்சியர் கிருஷ்ணகுமார் நடத்திய முகாமில் ஒரே மாதத்தில் 62,000க்கும் மேற்பட்ட ஆண்கள் அறுவை செய்துகொண்டனர். பணமும் பரிசுப் பொருளும் உண்டு. திருவிழாக் கோலம் உண்டு. அத்தனை பெரிய கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் நின்று பேச எவ்வளவு நேரம் இருந்திருக்கும்?

நெருக்கடி நிலைக் காலத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள்; பெரும்பான்மை ஆண்களுக்கு. வட மாநிலங்களில் நம்மைப் போன்ற ஆசிரியர்களிடமும் ஆள்பிடிக்கும் இலக்கு தரப்பட்டது. எட்டாதவர் ஊதியம் நிறுத்தப்பட்டது. 1976 நவம்பரில் ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தைக் காவல்துறை சுற்றிவளைத்து ஆண்களைக் கொண்டுபோயிற்று. கருத்தடை அறுவையை ஒட்டிய 1,774 மரணங்களை ஷா ஆணையம் பதிவு செய்தது.

அறுவைக்கு வருபவரை ஆயத்தம் செய்வது என்றால் குளித்து, ரோமம் நீக்கி, தளர்ந்த உடையில் வரச் சொல்வதோடு முடிவதில்லை. குருதி உறையாமலிருக்க மருந்து உண்பவர் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். மரப்பு ஊசி போட்டுச் செய்வதால் விழித்தே இருப்பார்; அன்றே வீடு திரும்பலாம். சில நாள் வலியும் வீக்கமும் கன்றிய நிறமும் இருக்கும். இரண்டு நாள் ஓய்வு. தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை. ஒரு வாரம் பாரம் தூக்குவதும் மிதிவண்டி ஓட்டுவதும் கூடாது. காய்ச்சலோ சீழோ வீக்கம் பெருகுவதோ கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். குழாயை மீண்டும் இணைக்க முடியும் என்றாலும் பலன் உறுதியில்லை. ஆகவே இனிக் குழந்தை வேண்டாம் என்னும் தீர்மானம் திடமாக இருக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்றுண்டு. அறுவை முடிந்த அன்றே பலன் தொடங்குவதில்லை. குழாயில் எஞ்சிய உயிரணுக்கள் வெளியேற ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை வேறு தடுப்பு வேண்டும். பின்னர் விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லையென உறுதி பெறவேண்டும். இந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாத வீட்டில் மனைவி கருவுற்றால் என்ன ஆகும்? பிழை முகாமுடையது, சந்தேகம் விழுவது அவள் மேல்.

1974இல் சீன மருத்துவர் லி ஷுன்சியாங் கத்தியின்றிச் சிறு துளை வழியே செய்யும் முறையை உருவாக்கினார். தொண்ணூறுகளின் இறுதியில் அது இந்தியத் திட்டத்திலும் சேர்ந்தது. கருவி மென்மையாயிற்று, அச்சம் கரையவில்லை. 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 விழுக்காடு, ஆண்கள் வெறும் 0.3. வயிற்றைத் திறக்கும் பெரிய அறுவை பெண்ணுக்கு, சிறிய அறுவைக்கு ஆணுக்கு அச்சம் என்று ஆகிவிட்டது.

வள்ளுவர் ஓரிடத்தில் பிறன்மனை நோக்காமையைப் பேராண்மை என்கிறார். ஆண்மை உடலுறுப்பில் இல்லை என்று ஈராயிரம் ஆண்டு முன்பே எண்ணிய மொழி நம்முடையது. தன் மனைவியின் சுமையில் பங்கேற்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று நம் மாணவர்களுக்குச் சொல்ல நமக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது.