கிரேப்லின் போட்ட கோடு

சித்தப்பாவோட பழைய ஃபைலைப் போன வாரம் புரட்டினேன். பத்து வருஷம், மூணு டாக்டர், மூணு பேர். முதல்ல ஸ்கிசோஃப்ரீனியா, அப்புறம் பைபோலார், கடைசியா ஸ்கிசோஅஃபெக்டிவ். "இதுல யாரு சொன்னது சரி?"ன்னு சித்தி கேட்டாங்க. பதில் தெரியல. அதுக்காகத் தேடிப் படிச்சதுதான் இந்தக் கதை.

1890கள், ஜெர்மனியில் ஹைடல்பெர்க். அங்கே மனநோய்ப் பேராசிரியரா இருந்த எமில் கிரேப்லின் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டு வெச்சார். சேரும்போது என்ன அறிகுறி, வீட்டுக்குப் போகும்போது எப்படி இருந்தார், திரும்பி வந்தாரா, எல்லாம் அதுல ஏறும். அந்த அட்டைகளைத் திரும்பத் திரும்பப் பிரிச்சு அடுக்கினார். டெஸ்ட் எடுத்து இன்ன நோய்னு சொல்ல அன்னிக்கு வழியில்லை (இந்த நோய்களுக்கு இன்னிக்கும் அப்படி ஒரு டெஸ்ட் இல்லைங்கறது வேற விஷயம்). நோய் போற போக்கை வெச்சுத்தான் பிரிக்கணும். 1899ல் வந்த தன் பாடநூலின் ஆறாம் பதிப்பில் கோட்டைப் போட்டார். சிந்தை சிதைஞ்சு பெரும்பாலும் தேறாமலே போறவங்க ஒரு பக்கம். இதுக்குத்தான் 1908ல் பிளாய்லர் ஸ்கிசோஃப்ரீனியான்னு பேர் மாத்தினார். உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வந்து, நடுவில் தெளியறவங்க இன்னொரு பக்கம்.

நிற்க. 1920ல், 64 வயசுல, அதே கிரேப்லின் ஒரு கட்டுரையில் நிறைய பேர் விஷயத்தில் இந்த ரெண்டையும் திருப்தியாப் பிரிக்க முடியலைன்னு ஒத்துக்கிட்டார். எனக்கு மனுஷன் மேல மரியாதை வந்ததே இங்கேதான். ஆனா புத்தகத்துல ஏறின கோடு அழியலை. 1933ல் அமெரிக்காவில் ஜேகப் கசானின், எந்தப் பக்கமும் சேராத ஒன்பது பேரைப் பத்தி எழுதி, ரெண்டு பேரையும் ஒட்டி ஒரு பேர் வெச்சார். சித்தப்பா ஃபைல்ல இருக்கற மூணாவது பேர் அதான்.

வெறும் பேர்தானேன்னு விட முடியாது. 1960களின் பிற்பாதியில் நியூயார்க், லண்டன் ஆஸ்பத்திரிகளை ஒப்பிட்டுப் பார்த்தாங்க. நியூயார்க்ல ஸ்கிசோஃப்ரீனியான்னு எழுதறது ரொம்ப அதிகம். ஒரே குழு, ஒரே மாதிரி கேள்விகளோட ரெண்டு ஊர் நோயாளிகளையும் பார்த்ததும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமப் போச்சு. மாறினது நோயாளி இல்லை, டாக்டர் படிச்ச பள்ளி. 1970ல்தான் அமெரிக்காவில் லித்தியத்துக்கு அனுமதி கிடைச்சது. எந்தப் பக்கத்துல பேர் எழுதினாங்களோ அதைப் பொறுத்துத்தான் அந்த மாத்திரை.

2009ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, ரெண்டு நோய்க்குமான மரபணுக் காரணங்களில் கணிசமான பங்கு பொதுவானதுன்னு காட்டுச்சு. கிரேப்லின் அட்டைகள் கலந்துபோனதுல ஆச்சரியமில்லை.

சித்தப்பாவுக்கு ரெண்டாவது பேர் வந்தப்புறம்தான் லித்தியம் ஆரம்பிச்சாங்க. முதல் பேரோடயே நாலு வருஷம் போயிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறலை.

"மூணு பேரும் ஒரே ஆளைத்தான் சித்தி வேற வேற வருஷத்துல பார்த்திருக்காங்க"ன்னேன்.

"அப்போ பேர் மாறிப்போச்சுன்னு மாத்திரையை நிறுத்திட வேணாம்ல?"

டாக்டரைக் கேட்காம எதையும் நிறுத்தாதீங்கன்னு சொல்லியிருக்கேன். புதன்கிழமை லித்தியம் அளவு பார்க்க ரத்தம் குடுக்கணும். நான்தான் கூட்டிட்டுப் போறேன்.