பரணில் கிடக்கும் மடிக்கணினியும் 2 ஜிபி ரேமும்

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய மடிக்கணினி கிடக்கிறதா? பிள்ளைகள் யாராவது அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ பிளஸ் டூ படித்திருந்தால் அநேகமாகக் கிடக்கும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. "பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுரலாமா தம்பி?" என்று போன மாதம் இரண்டாம் மாடி அக்கா கேட்டார். அவர் மகள் குரூப் 4 தேர்வுக்குச் செல்போனிலேயே பிடிஎஃப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள். போட வேண்டாம் என்றேன். ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு.

அந்தத் திட்டத்தின் தொடக்கத்தில் வந்த கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்; மற்றது சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ். நமக்குத் தெரிந்த பிள்ளைகள் எல்லோரும் முதலாவதைத்தான் திறந்தார்கள். 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 7-க்கான ஆதரவு நின்றது. இப்போதைய விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ரேம் கேட்கிறது. நம் கணினியில் இருப்பதோ 2.

ஆனால் லினக்ஸ் பிறந்ததே இல்லாத வீட்டில். 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதிய கணினியில் 4 எம்பி ரேம்தான். ஜெர்மனியிலிருந்து ஒருவர், தன்னிடம் 2 எம்பிதான் இருக்கிறது, போதவில்லை என்று எழுதினார். லினஸ் அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, நினைவகத்தில் இடம் போதாதபோது சிலதை வட்டுக்குத் தள்ளி வைக்கும் வசதியைச் செய்தார். பீரோ நிறைந்தால் துணியைப் பரணில் போடுவது மாதிரி. எடுக்கும்போது ஏணி வேண்டும், நேரமாகும். ஆனாலும் வேலை நடக்கும். நம் 2 ஜிபி, அந்த ஜெர்மானியரிடம் இருந்ததைப் போல ஆயிரம் மடங்கு!

பிறகு லினக்ஸும் கொழுத்தது. கண்ணாடிபோல் மினுக்கும் ஜன்னல்கள், கேட்காமலே பின்னணியில் ஓடும் சேவைகள் என்று திரையை அலங்கரிக்கவே ரேம் போயிற்று. பிடிக்காதவர்கள் மாற்று வழி கண்டார்கள். 1996-இல் ஒலிவியே ஃபூர்டான் எக்ஸ்எஃப்சிஇ-யைத் தொடங்கினார். 2006-இல் தைவானின் ஹோங் ஜென் யீ எல்எக்ஸ்டிஇ-யைத் தொடங்கினார். இரண்டிலும் ஒரு பட்டை, ஒரு மெனு, ஜன்னல்கள். அவ்வளவே. நம் மாதிரிக் கணினிக்கு அது போதும்.

2014-இல் வந்த 3.14 கெர்னலில் இன்னொரு நல்ல காரியம் நடந்தது. நிதின் குப்தா எழுதிய 'இசட்ரேம்' அதில் முழுமையாகச் சேர்ந்தது. பரணுக்கு அனுப்பாமல், துணியை இறுக்கி மடித்து அதே பீரோவில் வைக்கும் வேலை இது. பழைய ஹார்ட் டிஸ்க்கின் வேகத்துக்கு ஏணி ஏறுவதைவிட மடித்துப் பிரிப்பது எவ்வளவோ மேல். அதே கெர்னலில்தான் 'உண்மையில் எவ்வளவு கிடைக்கும்' என்று காட்டும் எண்ணும் வந்தது. அதைப் பாருங்கள். 'காலி' என்று காட்டும் எண் சிறியதாக இருந்தால் பயப்படாதீர்கள். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் கோப்புகளுக்குக் கடன் கொடுத்திருக்கும், கேட்டால் திருப்பிவிடும்.

அக்காவின் கணினியில் எக்ஸ்எஃப்சிஇ போட்டு, இசட்ரேமை இயக்கி, தானாகக் கிளம்பும் நிரல்களில் வேண்டாததை நிறுத்தினேன். பிடிஎஃப் படிக்கிறாள், தமிழில் தட்டச்சு செய்கிறாள். ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன்: இன்றைய இணையப் பக்கங்களின் பசியை எந்த லினக்ஸாலும் அடக்க முடியாது. மூன்று டேப் தாங்கும். பத்து திறந்தால் மூச்சு வாங்கும். பேட்டரியும் செத்துவிட்டது, சார்ஜர் சொருகியே வைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். கணினியை எடுத்து வாருங்கள், சார்ஜரையும் சேர்த்து. உள்ளே பழைய படங்கள் இருந்தால் முதலில் பென் டிரைவில் எடுத்து வையுங்கள், நிறுவும்போது அழிந்துவிடும்.