இறுதி வழி அனுப்பியவர்: வெட்டியான் பணியின் வரலாறு

நம் ஊரின் பெயர் ஒரு தோற்கருவியின் பெயர். போருக்கும் அரசவைக்கும் உரிய கருவி அது. அதன் பெயர்க்காரணத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் பேரிகையில் பிறந்து வளர்ந்த எவரும் தம் காதால் கேட்டது பேரிகையை அன்று, பறையைத்தான். விடியற்காலையில் அது ஒலித்தால், யார் வீட்டில் என்று கேட்டுக்கொண்டே மக்கள் வாசலுக்கு வருவர். அப்பறையை அடித்தவரைப் பற்றி எழுத வேண்டும் என்பது எனது நெடுநாளைய எண்ணம். புலவர், புரவலர், ஆசிரியர் எனப் பலரைப் பற்றி நம் மன்றத்தில் பத்தாண்டுகளாகப் பேசியிருக்கிறோம். நம் எல்லோர் வீட்டுக்கும் வந்து கடைசிப் பணியைச் செய்தவரைப் பற்றி ஒரு நாளேனும் பேசியதில்லை.

அவர் செய்த வேலைகள் எவை என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். சாவுச் செய்தியை அயலூர் உறவினர்க்கு நடந்து சென்று சொல்வார். மூங்கில் வெட்டிப் பாடை கட்ட உதவுவார். குழி தோண்டுவார், எரிப்பதாயின் விறகும் எருமுட்டையும் அடுக்குவார். உறவினர் வீடு திரும்பிக் குளித்துச் சோறுண்ணும் இரவில், நெருப்பு அணையாதபடி கோலோடு தனியே காவல் இருப்பார். பால் தெளிக்கும் நாளில் சாம்பலை ஒதுக்கி எலும்பை எடுத்துக் கொடுப்பவரும் அவரே. இதற்கு மரபாகச் சொல்லப்படும் கூலி கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி. காசியின் சுடுகாட்டில் அரிச்சந்திரன் பெற்ற கூலி இதுவே என்பர். அதனால்தான் தமிழகத்தின் பல சுடுகாடுகளில் அரிச்சந்திரன் பெயரால் ஒரு கல் நிற்கிறது. அவ்விடத்தில் பாடையை இறக்கி வைத்த பிறகே உள்ளே கொண்டு செல்கின்றனர். அரசன் ஒருவன் செய்த வேலை என்று பெருமையாகக் கதை சொல்வோம். அதே வேலையைச் செய்தவரைத் திண்ணையில் உட்கார விடமாட்டோம்.

குழி வெட்டுவதால் வெட்டியான் என்று பலரும் கருதுகின்றனர். வரலாறு வேறு பொருள் கூறுகிறது. சோழர் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் வரிப்பெயர்களுள் 'வெட்டி' என்பதும் ஒன்று. சோழர் கால வரிச்சொற்களைத் தொகுத்து ஆராய்ந்த கராசிமா, சுப்பராயலு முதலியோர் இதனை ஊதியமின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு என்றே கொள்வர். வெட்டியான் என்னும் பெயரையும் இச்சொல்லோடு இணைப்பதே பொருத்தம். இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மும்மொழியும் புழங்கும் நம் கடைவீதியே போதும். தெலுங்கர் கூலியில்லா ஊழியத்தை 'வெட்டி சாகிரி' என்பர். கன்னடத்தில் 'பிட்டி' என்றால் இலவசம். தமிழில் நாமோ பயனற்றதை 'வெட்டி வேலை' என்கிறோம். கூலி கொடுக்கப்படாத வேலை காலப்போக்கில் பயனில்லாத வேலை என்று ஆகிவிட்டது. சொல் செய்த குற்றமன்று அது.

இன்னும் பழமையான சான்று புறநானூற்றில் உண்டு. 360ஆம் பாட்டும் 363ஆம் பாட்டும் சுடுகாட்டை நமக்குக் காட்டுகின்றன. கள்ளி படர்ந்த களர்நிலத்தில் பாடை நிறுத்தப்படுகிறது. புல்லின்மேல் சோறும் கள்ளும் படைக்கப்படுகின்றன. அச்சடங்கு முழுவதும் புலையன் ஒருவன் ஏவ நடக்கிறது. 'ஏவுதல்' என்னும் சொல் ஈண்டு நோக்கத்தக்கது. நிலமாண்ட வேந்தனுக்கும் இறுதியில் ஆணையிடுபவன் அவன். மற்றப் பாட்டு அவனை இழிந்த பிறப்பினன் என்றே குறிக்கிறது. ஏவும் உரிமையும் இழிந்தவன் என்னும் பெயரும் ஒருவரிடமே சேர்ந்திருந்த நிலை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உறுதிப்பட்டுவிட்டது. நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் விரிவாகச் சொல்கிறது: கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு படிகள். குழி தோண்டியவனுக்கு அவற்றுள் இடமில்லை. நம் கிருட்டிணகிரி மாவட்டத்தில் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் எத்தனையோ நடுகற்களைப் பார்க்கிறோம். ஆநிரை மீட்டவனுக்கும் புலியொடு பொருதவனுக்கும் கல் உண்டு.

என் தந்தையார் மறைந்தபோது எனக்கு வயது பதினாறு. கொள்ளிக்குடத்தைத் தோளில் ஏந்தி மூன்று முறை சுற்றி வந்தேன். எங்கள் ஊர் வெட்டியான் அருகில் நின்று, எந்தக் கை, எந்தப் பக்கம், எப்போது குடத்தை விட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முடிவில், "திரும்பிப் பாக்காம போ சாமி" என்றார். அவர் வயதில் என் பாட்டனாருக்கு ஒத்தவர். அதற்கு முன் எத்தனையோ முறை நான் அவரை "ஏய், இங்கே வா" என்று அழைத்திருக்கிறேன். வீட்டில் யாரும் அது தவறென்று திருத்தியதில்லை. அன்று ஏவியவர் அவர்; கீழ்ப்படிந்தவன் நான். அப்போதும் அவர் வாயில் 'சாமி' நின்றுவிடவில்லை. புறநானூற்றின் அவ்விரு பாட்டுகளைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு உரை தேவைப்படவில்லை.

ஊரார் அவர்மேல் அன்பு கொண்டிருந்தனர் என்பதையும் மறைக்கக் கூடாது. கேழ்வரகுக் களத்தில் அவருக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. குழந்தை இறந்த வீட்டில் அவர் கூலி கேட்டதில்லை என்று என் அன்னையார் அடிக்கடி சொல்வார். அவர் இல்லாமல் ஒரு சாவும் ஒழுங்காக நடவாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவ்வன்பு வாசற்படியோடு நின்றது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

இத்தகைய மனிதரைத் தமிழ் இலக்கியத்துள் கொண்டு வந்தவர் ஜெயகாந்தன். 'நந்தவனத்தில் ஓர் ஆண்டி' என்னும் சிறுகதையின் ஆண்டி, இடுகாட்டிலேயே குடியிருந்து குழந்தைகளுக்குக் குழி வெட்டுபவன். பொருள் அறியாமல் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே வெட்டுபவன். நெடுங்காலம் கழித்துப் பிறந்த தன் மகனுக்கே ஒரு நாள் குழி வெட்ட நேர்கிறது. அதன் பின் எவர் குழந்தை வந்தாலும் அவன் அழுகிறான். எழுத்தாளர் அவனைப் புனிதராக்கவுமில்லை, நம் இரக்கத்திற்கு யாசிக்க விடவுமில்லை. நம் மன்றத்து இளைஞர் இக்கதையைத் தவறாது படிக்க வேண்டும்.

இனிச் சட்டத்தின் கதையைச் சுருக்கமாகக் காண்போம். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும், 1799இல் திப்புவின் வீழ்ச்சிக்குப்பின் ஓசூர்ப் பகுதியும் கும்பினியார் கைக்கு வந்தன. ஊர்ப் பணியாளரின் மானியமும் களத்துப் பங்கும் அரசுக் கணக்கில் ஏறின. 1895இல் சென்னை மாகாணத்துப் பரம்பரைக் கிராம அலுவல்கள் சட்டம் வந்தது. தந்தை செய்த ஊர்ப்பணி மகனுக்கு என்பது எழுத்தில் உறுதியாயிற்று. கர்ணத்துக்கு அது உரிமை, வெட்டியானுக்கோ விலங்கு. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. பரம்பரை அடிப்படையில் கிராமப் பதவி தருவது செல்லாது என்று 1960இல் உச்சநீதிமன்றம் கூறியது. 1980இல் தமிழக அரசு பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. தலையாரி, வெட்டியான் முதலிய பணியாளர் பின்னாளில் கிராம உதவியாளர் ஆயினர். பெயர் மாறியது, சம்பளம் வந்தது, நல்லதே. ஆனால் வருவாய்த்துறையில் இடம் பெற்றவர் சிலர். குழி தோண்டும் வேலையோ எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் அதே தெருவில், அதே குடும்பங்களிடம் தங்கிவிட்டது.

அவ்வேலையை எல்லோரும் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 ஏப்ரல் 19 இரவு சென்னை கண்டது. கொரோனாவால் மறைந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிசின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. வேலங்காட்டில் கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் ஓட்டியவர் காயமுற்றனர். நண்பர் மருத்துவர் பிரதீப்குமார் நள்ளிரவுக்குப்பின் காவலர் துணையோடு மீண்டும் சென்று, மருத்துவமனை ஊழியர் இருவரோடு தாமே மண்வெட்டி பிடித்து மண்ணைத் தள்ளினார். நாடே அவரைப் போற்றியது, போற்றுதற்கு உரியவர்தாம்.

உத்தரப் பிரதேசத்தில் பைசாபாத் நகரின் மிதிவண்டி பழுதுபார்ப்பவர் முகமது ஷரீபையும் நாடு போற்றியது. 1990களின் தொடக்கத்தில் அவருடைய மகன் சுல்தான்பூரில் கொல்லப்பட்டுக் கேட்பாரற்றுக் கிடந்தான். சட்டையில் இருந்த தையற்காரர் முத்திரையே அவனை அடையாளம் காட்டியது. அதன்பின் உரிமை கோராத பிணம் எதுவாயினும், இந்து எனில் எரித்தும் இசுலாமியர் எனில் புதைத்தும் அவர் அனுப்பி வைத்தார். 2020ஆம் ஆண்டுக்குரிய பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. இருவரையும் வணங்குகிறேன். ஆனால் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. விரும்பி ஒரு நாள் மண்வெட்டி எடுத்தவரையும், துயரால் அப்பணியைத் தேர்ந்தவரையும் நமக்குப் போற்றத் தெரிகிறது. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாமல் ஆயுள் முழுதும் அதைச் செய்தவருக்கு நாம் கொடுத்தது என்ன?

எங்கள் ஊர் வெட்டியான் காலமானபோது அவருடைய மகனே குழி தோண்டினார்; பறை அடித்தவரும் உறவினரே. மேல்தெருவிலிருந்து சென்றவர் நான்கைந்து பேர். பேரன் குழி தோண்டவில்லை. ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, சீருடை அணிந்து, காலையில் பேருந்து ஏறிவிடுகிறார். சென்ற மழைக்காலத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் இறந்தபோது ஆள் அனுப்பி அழைத்தனர். "எனக்கு ஷிப்டு இருக்குங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். ஊரில் சிலருக்குக் கோபம். "பாட்டன் எப்படிப்பட்ட மனுஷன், இவன் இப்படி" என்றனர். எனக்கோ அவருடைய பாட்டனாரின் நினைவுக்கு அதைவிடச் சிறந்த மரியாதை வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

பிறகு பாகலூர்ச் சாலையில் நின்ற ஜேசிபி ஒன்றை வரவழைத்தார்கள். அரை மணி நேரத்தில் குழி ஆயிற்று. ஓட்டுநர் ஒரு மணி நேர வாடகை கேட்டார். யாரும் பேரம் பேசவில்லை. அவருக்கு நாற்காலி போட்டு, வீட்டுத் தம்ளரிலேயே தேநீர் கொடுத்தார்கள்.