துக்கக் கறுப்பும் அலுவலகக் கறுப்பும்

1861 டிசம்பர் 14 அன்று இளவரசர் ஆல்பர்ட் மறைந்தார். அன்று துக்க உடை பூண்ட விக்டோரியா அரசியார் 1901இல் தாம் இறக்கும்வரை கறுப்பைக் கைவிடவில்லை. அதற்கு முன்பே பிரிட்டனில் துக்கம் ஒரு வணிகமாகியிருந்தது. லண்டன் ரீஜென்ட் தெருவில் 1841இலேயே துக்க உடைகளுக்கெனத் தனிப் பெருங்கடை ஒன்று திறக்கப்பட்டிருந்தது. யார்க்ஷயர் கடற்கரையிலுள்ள விட்பி என்னும் ஊரில், புதையுண்ட மரம் காலப்போக்கில் இறுகி உருவான ‘ஜெட்’ எனும் கரிய பொருளைக் கடைந்து துக்க அணிகலன்கள் செய்தனர்.

விக்டோரியா காலத் துக்கத்திற்குப் படிநிலைகள் இருந்தன. கணவனை இழந்த பெண் முதலில் பளபளப்பற்ற கிரேப் துணியால் ஆன முழுத்துக்க உடையை அணிந்தாள். மாதங்கள் செல்லச்செல்ல கிரேப் குறைந்தது. இறுதியில் வந்த அரைத்துக்க நிலையில் சாம்பல் நிறமும் வெளிர் ஊதாவும் அனுமதிக்கப்பட்டன. எவ்வளவு கறுப்பு, எத்தனை நாள் என்பதை வழக்காறே வகுத்தது.

அதே நூற்றாண்டில் கறுப்பு வேலைக்கும் வந்துசேர்ந்தது. எழுத்தர்களின் கோட்டும் பெருங்கடை விற்பனைப் பெண்களின் உடையும் கறுப்பாயின. ஒரே நிறம் ஓரிடத்தில் இழப்பையும் மற்றோரிடத்தில் ஒழுங்கையும் அடக்கத்தையும் குறித்தது. இவ்விரு பொருள்களும் நூறாண்டு கழித்து மீண்டும் எதிரெதிரே நின்றன.

1979இல் பௌஹவுஸ் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு வெளியானது. 1982இல் லண்டன் சோஹோ பகுதியில் பேட்கேவ் இரவு விடுதி தொடங்கியது. இவற்றைச் சுற்றி உருவான கோத் இளைஞர்கள் பங்க் மரபின் கலகத்தோடு விக்டோரியா காலத் துக்கத்தின் வெல்வெட்டையும் லேஸையும் இணைத்தனர். 1897இல் வெளிவந்த டிராகுலா நாவலில் அந்தப் பிரபு கரையிறங்கும் ஊரும் விட்பிதான். 1994 முதல் கோத் அன்பர்கள் அங்கே கூடிவருகின்றனர்.

அந்த இளைஞர்கள் வேலைக்குச் சென்றபோது நிறம் சிக்கலாகவில்லை. ஷனெல் வடிவமைத்த சிறிய கறுப்பு உடையை 1926இல் வோக் இதழ் போற்றியிருந்தது. 1981இல் பாரிஸில் ரெய் கவாகுபோவும் யோஜி யமமோட்டோவும் காட்சிப்படுத்திய கறுப்பு, பின்னர் வடிவமைப்பு, கட்டடக்கலை போன்ற துறையினரின் அன்றாட உடையாயிற்று. உறுத்தியது அளவே. வெண்பூச்சிட்ட முகமும் தடித்த கண் மையும் கூர்முள் பட்டைகளும் அலுவலக வாயிலில் நின்றுவிட்டன. உயர்ந்த கழுத்துப்பட்டி, வெல்வெட் கோட்டு, சட்டைக் கைவிளிம்பில் சிறிது லேஸ், ஒற்றை வெள்ளி மோதிரம், கரும்பழ நிற உதட்டுச்சாயம் ஆகியவை உள்ளே சென்றன. இந்தக் கோலத்திற்குக் ‘கார்ப்பரேட் கோத்’ என்று பெயரும் அமைந்தது. இதை முழுத்துக்கத்திலிருந்து அரைத்துக்கத்திற்கு இறங்கிய பழைய படிக்கட்டின் மறுவடிவம் எனலாம்.

இந்தத் தணிப்பை வெறும் அழகியல் தேர்வாகக் கொள்ள இயலாது. 2007 ஆகஸ்டில் லங்காஷயரின் பேக்கப் நகர்ப் பூங்காவில் சோஃபி லங்காஸ்டர் என்ற இருபது வயதுப் பெண்ணும் அவருடைய காதலரும் கோத் தோற்றத்தின் பொருட்டுத் தாக்கப்பட்டனர், சோஃபி உயிரிழந்தார். 2013இல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை இத்தகைய தாக்குதல்களை வெறுப்புக் குற்றங்களாகப் பதியத் தொடங்கியது. ஆனால் பணியிடப் பாகுபாட்டைத் தடுக்கும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பட்டியலிடும் ஒன்பது பண்புகளில் வயது, பாலினம், சமயம் போன்றவை உண்டு. உட்பண்பாட்டுத் தோற்றம் இல்லை. தெருவில் குற்றமாகப் பதியப்படும் வெறுப்பு, அலுவலகத்தில் உடைவிதி என்ற பெயரில் வந்தால் அதை எதிர்க்கத் தொழிலாளிக்கு உறுதியான பிடிமானம் இல்லை.

வயதேறிய கோத்களை ஆராய்ந்த சமூகவியலாளர் பால் ஹாட்கின்சன், பணியும் குடும்பமும் முதுமையும் அவர்களின் தோற்றத்தைத் தணித்தாலும் அடையாளமும் நட்புவட்டமும் நீடிப்பதைக் காட்டினார். ஆயினும் தானே விரும்பித் தணிப்பவரையும் வேலைக்கு அஞ்சித் தணிப்பவரையும் உடையை வைத்துப் பிரித்தறிய முடியாது. விக்டோரியா கால விதவைக்குக் கறுப்பின் அளவை வழக்காறு வகுத்தது. இன்று அதை நிறுவனம் வகுக்கிறது. விதவையின் அரைத்துக்கம் ஒருநாள் முடிந்தது. கோத் ஊழியரின் அரைத்துக்கமோ ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிதாகத் தொடங்குகிறது.